கொலுவுக்கு ஒரு சிற்றுருச் சமையலறை: அட்டை, ஐஸ் குச்சி, களிமண் கொண்டு வீட்டுச் சாமான்கள் செய்வது குறித்து

தாழ்வாரம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் வழக்கமாகப் பூங்கா அமைப்போம். இந்த நவராத்திரிக்கு அதற்குப் பதிலாக, 1970களில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை எப்படி இருந்திருக்கும் என்பதைச் சிற்றுருவில் செய்து வைக்க விரும்புகிறோம். மேடை, அலமாரி, அம்மி, ஆட்டுக்கல், முறம், அரிவாள்மனை, பித்தளைக் குடம், எவர்சில்வர் பாத்திரங்கள், சுவரில் தினசரி காலண்டர் ஆகியவை இருக்க வேண்டும் என்பது ஆசை. இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகை ஒன்றை அடித்தளமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கடையில் வாங்கிய சொப்புச் சாமான்கள் வீட்டில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் டம்ளர் அடுப்பின் உயரத்துக்கு நிற்கிறது, கரண்டி குடத்தைவிட நீளமாக இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் நாங்களே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். கையில் இருப்பவை பழைய அட்டைப் பெட்டிகள், ஐஸ் குச்சிகள், ஃபெவிகால், காற்றில் உலரும் களிமண், அக்ரிலிக் வண்ணங்கள், அலுமினியத் தாள் ஆகியவைதான். எந்த அளவில் தொடங்குவது, எவர்சில்வரையும் பித்தளையையும் எதைக் கொண்டு காட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். வீட்டில் சிறு குழந்தைகளும் உண்டு.

கல்சட்டி:

வணக்கம். எதைக் கொண்டு செய்வது என்ற கேள்விக்கு முன்னால் எந்த அளவில் செய்வது என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். பொருள் தேர்வில் பாதி அதிலேயே முடிந்துவிடும். பொம்மை வீடு செய்பவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் கைக்கொள்வது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 1:12 என்ற அளவு. அடிக்கணக்கில் வீட்டை அளந்து பழகிய நமக்கு இது மிகவும் தோதானது. நிஜத்தில் ஓர் அடி என்றால் சிற்றுருவில் ஓர் அங்குலம். ஏழடிக் கதவு ஏழு அங்குலக் கதவாகிவிடும்.

ஆனால் அறைக்குள் நிற்கப்போகும் பொம்மையை முதலில் அளந்து பாருங்கள். அம்மா பொம்மை ஐந்து முதல் ஐந்தரை அங்குல உயரம் இருந்தால் 1:12 சரியாகப் பொருந்தும். பத்தங்குல மரப்பாச்சியை உள்ளே நிறுத்த எண்ணினால் எல்லாவற்றையும் ஆறில் ஒரு பங்காகச் செய்ய வேண்டியிருக்கும், அப்போது அறை ஒன்றே உங்கள் பலகையை ஏறத்தாழ நிரப்பிவிடும். 1:12 என்று வைத்துக்கொண்டால் இன்னொரு செய்தியும் புலப்படும். உங்கள் இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகை, நிஜத்தில் இருபத்துநான்கு அடிக்குப் பதினெட்டு அடி இடமாகும். அவ்வளவு பெரிய சமையலறை நடுத்தர வீட்டில் ஏது? பத்தடிக்கு எட்டடி அறை என்றால் பத்தங்குலத்துக்கு எட்டங்குலம் போதும். மீதி இடத்தில் முற்றமும் கிணற்றடியும் தாராளமாக அமைக்கலாம்.

அடுத்து, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் போய், செய்யப்போகும் ஒவ்வொன்றையும் அளந்து, பன்னிரண்டால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து செ.மீ. உயர டம்ளர் 8 மி.மீ. ஆகும். 86 செ.மீ. உயர மேடை ஏறத்தாழ 7.2 செ.மீ. ஆகும். முப்பது செ.மீ. குடம் 2.5 செ.மீ. ஆகும். இந்தக் கணக்கைச் செய்யாமல் கண்மதிப்பாகச் செய்தால் சிறிய பொருள்கள் எப்போதும் பெரிதாகவே வந்து சேரும், ஏனென்றால் கைக்கு வசதியான அளவில்தான் விரல்கள் வேலை செய்ய விரும்பும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது தடிமனைப் பற்றி. நீளத்தையும் அகலத்தையும் எல்லாரும் கணக்கிடுகிறார்கள், தடிமனைக் கணக்கிடுபவர்கள் குறைவு. பார்ப்பவர் கண்ணில் முதலில் தட்டுப்படுவதோ அதுதான். நெளிவு வைத்த பார்சல் அட்டை சுமார் 3 மி.மீ. தடிமன் கொண்டது, பன்னிரண்டால் பெருக்கினால் 3.6 செ.மீ. அலமாரிக் கதவு அவ்வளவு தடியாக எந்த வீட்டிலும் இருக்காது. ஐஸ் குச்சி 2 மி.மீ. தடிமன் என்றால் அது நிஜத்தில் 2.4 செ.மீ. பலகைக்குச் சமம். எனவே அலமாரித் தட்டுக்கும் அரிவாள்மனைப் பலகைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. மருந்துப் பெட்டி, பிஸ்கட் பெட்டி அட்டைகள் அரை மி.மீ.க்கும் குறைவு, மூன்று நான்கை ஒன்றாக ஒட்டினால் அலமாரிக் கதவின் தடிமன் கிடைக்கும். நாம் அச்சடிக்கப் பயன்படுத்தும் சாதாரண வெள்ளைத்தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ., அதாவது நிஜத்தில் 1.2 மி.மீ. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் தகடு கிட்டத்தட்ட அவ்வளவு தடிமன்தான். ஆகவே பாத்திரம் செய்ய மிகச் சரியான பொருள் தாள். களிமண்ணில் டம்ளர் செய்தால் அது எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் தீட்டினாலும் கல் உரல் போலத்தான் நிற்கும்.

பரண்:

கல்சட்டி அம்மாவின் கணக்கு துல்லியமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொலுவுக்கு அது தேவைதானா என்பதை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொலுப்படியில் கையளவு பிள்ளையாருக்குப் பக்கத்தில் முழ உயரக் கிருஷ்ணர் நிற்கிறார். செட்டியார் பொம்மையும் அவர் மனைவியும் கடை விரித்து உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் நிஜமான துவரம்பருப்பையும் அரிசியையும் குவித்து வைக்கிறோம். அந்த அரிசி மணி செட்டியாரின் விரலைவிடப் பெரியது, ஆனாலும் அதைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளில் ஆட்டுக்கல்லும் குடமும் ஒரே உயரத்தில் இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அவற்றை வைத்துத்தான் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடினார்கள்.

அத்துடன், பாட்டில் மூடி தட்டாக மாறியிருப்பதையும் பொத்தான் மூடியாக மாறியிருப்பதையும் பார்ப்பவர்கள் கண்டுபிடித்து மகிழ்வார்கள். எல்லாவற்றையும் அளவெடுத்து மறைத்துவிட்டால் அந்த மகிழ்ச்சி போய்விடும் அல்லவா? குழந்தைகள் உள்ள வீடு என்று தாழ்வாரம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் தாள் டம்ளரைக் குழந்தை தொட்டால் அந்தக் கணமே நசுங்கிவிடும்.

கல்சட்டி:

பரண் ஐயா, செட்டியார் பொம்மையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் படியில் ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியே நிற்கிறது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட யாரும் முனைவதில்லை. சொப்புச் சாமானும் அப்படித்தான். அது கையில் எடுத்து விளையாடுவதற்காகக் கடைசலில் கடைந்தெடுத்த பொருள், ஆகவே கைக்கு அடங்குவதுதான் அதன் அளவு. தாழ்வாரம் அவர்கள் செய்ய விரும்புவதோ ஓர் அறை. மூன்று சுவரும் ஒரு ஜன்னலும் வைத்துவிட்டால், பார்ப்பவர் தம்மை அறியாமல் தம்மைச் சிறிதாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறார். அப்போது மேடைமேல் அளவுக்கு மீறிய ஒரே ஒரு டம்ளர் இருந்தாலும் அவரை வெளியே தள்ளிவிடும்.

சிகாகோ கலைக் கழகத்தில் தார்ன் அறைகள் என்ற பெயரில் 68 சிற்றுரு அறைகள் இருக்கின்றன. 1930களில் தொடங்கி 1940 வரை செய்யப்பட்டவை. மிகப் பெரும்பாலானவை இதே 1:12 அளவு கொண்டவை. அவற்றின் புகைப்படத்தைப் பார்ப்பவர் நிஜ அறை என்றே எண்ணுவார். விலையுயர்ந்த பொருள்களும் தேர்ந்த கைவினைஞர்களும் அங்கே இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நிஜம் என்ற அந்த மயக்கத்தைக் கண்ணுக்குத் தருவது, கைப்பிடி முதல் கம்பள நூல் வரை எல்லாம் ஒரே விகிதத்தில் இருப்பது. அந்த விகிதத்துக்குப் பணம் வேண்டாம், ஒரு ஸ்கேலும் பொறுமையும் போதும்.

குழந்தைகள் பற்றிய உங்கள் கவலை மிக நியாயமானது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தால் இவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும். பொருள் உடையும் என்பதைவிட வாயில் போட்டுக்கொள்வார்கள் என்பதே பெரிய அபாயம். பெரிய குழந்தைகளுக்கு மரச் சொப்புகளைத் தனியே கொடுத்துவிடலாம்.

உப்புத்தாள்:

பாத்திரங்களைப் பற்றி நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்ச் சமையலறையின் முகமே எவர்சில்வர்தான்.

சமையலுக்குப் பயன்படும் மெல்லிய அலுமினியத் தாளைவிட, ஏசி குழாய்களின் மேல் சுற்றும் அலுமினிய டேப் இதற்கு மிகவும் ஏற்றது. வன்பொருள் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். பின்புறத்தில் பசை இருப்பதால் தாளின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டும். டம்ளருக்கு, கூம்பிச் செல்லும் தூரிகைக் கைப்பிடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் 6 மி.மீ. விட்டம் உள்ள இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் சற்றே வளைந்த பட்டை ஒன்றை வெட்டி, அந்த இடத்தில் சுற்றி, ஒரு மி.மீ. மேலேறும்படி ஒட்ட வேண்டும். அது காய்ந்ததும் அலுமினிய டேப்பை அதன்மேல் சுற்றுங்கள். சுற்றும்போது தாளின் விளிம்புக்கு மேலே ஒரு மி.மீ. டேப் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிறகு பல்குச்சியின் பக்கவாட்டால் அந்த நீட்சியை மெதுவாக வெளிப்புறம் உருட்டி மடித்தால், நிஜ டம்ளரின் வாயில் இருக்கும் உருட்டு விளிம்பு அப்படியே வந்துவிடும். அந்த விளிம்புதான் எவர்சில்வர் டம்ளருக்கு அடையாளம். அது இல்லாவிட்டால் காகிதக் கப் போலத் தெரியும். அடிப்பாகத்துக்குத் துளை போடும் கருவியில் விழும் வட்டத்துண்டு ஒன்றில் டேப் ஒட்டி, அளவாகக் கத்தரித்து அடைத்துவிடலாம். கடைசியாக ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் இணைப்புக் கோடு மறைந்து, தகட்டின் மினுக்கு வரும்.

டபராவுக்கும் தட்டுக்கும் உணவகப் பார்சல் வரும் அலுமினியப் பெட்டியின் அடித்தகட்டைப் பயன்படுத்துங்கள். 2011இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 22 மி.மீ. விட்டம் உடையது, பன்னிரண்டால் பெருக்கினால் 26 செ.மீ.க்குச் சற்று மேல் வரும், அது நம் சாப்பாட்டுத் தட்டின் அளவு. தகட்டை 26 மி.மீ. வட்டமாக வெட்டி, நாணயத்தின் மேல் வைத்து ஓரங்களைச் சுற்றிலும் சிறிது சிறிதாக இறக்கிவிட்டால் விளிம்போடு கூடிய தட்டு கிடைக்கும். டபராவுக்கு அழி ரப்பரில் எட்டு மி.மீ. அகலத்தில் ஆழமில்லாத குழி ஒன்றைத் தோண்டி, வட்டத் தகட்டை அதன்மேல் வைத்து, தீர்ந்துபோன பேனாவின் மழுங்கிய முனையால் நடுவிலிருந்து வெளியே சுழற்றிச் சுழற்றி அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழியும்.

பித்தளைக்குக் கடைகளில் விற்கும் தங்க வண்ணத்தை மட்டும் பூசினால் அது பூஜை அறைத் தங்கக் கலசம் போலவே இருக்கும். குடத்தை மணியின் மேலோ உருண்டைக் களிமண்ணின் மேலோ உருவாக்கி, கழுத்துக்கும் தோளுக்கும் தையல் நூலைச் சுற்றிப் பசை தடவி, வளையக் கோடுகளை வரவழைத்துக்கொள்ளுங்கள். தங்க வண்ணம் காய்ந்த பிறகு, நீர்க்கக் கரைத்த அடர் பழுப்பைப் பூசி உடனே துணியால் துடைத்துவிட்டால் கோடுகளின் இடுக்கில் மட்டும் அழுக்கு தங்கும். புளி போட்டுத் துலக்கிய குடத்திலும் இடுக்குகளில் கருமை தங்கியிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

தாழ்வாரம்:

உப்புத்தாள் அவர்களே, இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. கல்சட்டி அம்மா சொன்னபடி பொம்மைகளை அளந்து பார்த்தேன், ஐந்தேகால் அங்குலம் இருக்கின்றன. ஆகவே 1:12 என்று உறுதி செய்துவிட்டோம். முற்றத்தையும் கிணற்றடியையும் சேர்ப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் களிமண்ணில் செய்தால் போதுமா? கொத்திய கல்லின் சொரசொரப்பை எப்படிக் கொண்டுவருவது? முறத்தின் பின்னல் இவ்வளவு சிறிய அளவில் சாத்தியமா என்பதும் புரியவில்லை.

ஈர்க்குச்சி:

அம்மிக்குக் களிமண் நல்ல தேர்வு. கனமாகவும் தடியாகவும் இருக்க வேண்டிய பொருள்களுக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். 45 செ.மீ. நீள அம்மி 3.8 செ.மீ. ஆகும், குழவி 2.5 செ.மீ. ஆகும். களிமண்ணைப் பிசையும்போதே சாம்பல் வண்ணத்தைக் கலந்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பின்னர் ஓரம் உதிர்ந்தாலும் உள்ளே வெள்ளை தெரியாது.

சொரசொரப்பில்தான் பலரும் அளவை மறந்துவிடுகிறார்கள். ஊசியால் குத்திக் குத்தி எடுப்பார்கள். ஆனால் ஊசிமுனை போடும் பள்ளம் அரை மி.மீ. அகலம் வந்தாலே, நிஜத்தில் அது 6 மி.மீ. குழிக்குச் சமம். அம்மி கொத்துபவரின் உளி அவ்வளவு பெரிய குழி போடுவதில்லை. ஈரம் சற்றுக் குறைந்த களிமண்ணின் மேல் நடுத்தர உப்புத்தாளை அழுத்தி எடுங்கள், தேவையான பொடிக்குழிகள் தாமாக விழும். பிறகு அம்மியின் நடுப்பகுதியை மட்டும் ஈர விரலால் நீவி, மிக இலேசான பள்ளமாக்குங்கள். ஆண்டுக்கணக்கில் அரைத்த அம்மி நடுவில் தேய்ந்து வழுவழுப்பாகத்தான் இருக்கும். காய்ந்த பிறகு அந்தப் பள்ளத்தில் மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த கறையை உலர்ந்த தூரிகையால் தடவினால் அப்போதுதான் மிளகாய் அரைத்து வழித்தது போலத் தோன்றும். ஆட்டுக்கல்லுக்கும் இதே முறைதான். குழவியின் தலையில் மரப்பிடி செருகியிருப்பதைப் பல்குச்சித் துண்டால் காட்ட மறக்க வேண்டாம்.

முறத்தைப் பின்னத் தேவையில்லை. மூங்கில் பட்டை நிஜத்தில் 5 மி.மீ. அகலம் என்றால் சிற்றுருவில் அது 0.4 மி.மீ.தான், அவ்வளவு மெல்லிய பட்டையை விரலால் பின்ன முடியாது. லினன் துணியில் இழையின் பருமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தத் துணியை நீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து, அட்டையில் வெட்டிய முற வடிவத்தின் மேல் விரித்துக் காயவிட்டால் விறைத்து நின்றுவிடும். சுற்றிலும் பழுப்புத்தாள் பட்டையை மடித்து ஒட்டி, சாணம் மெழுகிய நிறத்தை மங்கலாகத் தடவுங்கள்.

விளக்குமாற்றுக்கு நான் பரிந்துரைப்பது தேங்காய் நார். ஈர்க்கை அப்படியே வைத்தால் ஒவ்வொரு குச்சியும் விரல் தடிமன் ஆகிவிடும். நாரின் இழையோ 0.2, 0.3 மி.மீ.; பன்னிரண்டால் பெருக்கினால் 2.4 முதல் 3.6 மி.மீ. வரை, அதாவது ஈர்க்கின் பருமன். ஒரே தென்னை மரம் நிஜத்துக்கும் சிற்றுருவுக்கும் பொருள் கொடுப்பது எனக்கு எப்போதும் மனத்துக்கு நிறைவாக இருக்கும்.

பரண்:

ஈர்க்குச்சி அவர்களின் நார் விளக்குமாறு என் கருத்தைப் பாதி மாற்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும். கிடைத்த பொருளை அப்படியே வைப்பதைவிட, கிடைத்த பொருளுக்குள் சரியான பருமன் உள்ளதைத் தேடிப் பிடிப்பதும் கண்டுபிடிப்புதான். அந்த நோக்கில் நானும் சிலவற்றைச் சொல்கிறேன். கடுகு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை இருக்கும், பன்னிரண்டால் பெருக்கினால் அது சாம்பார் வெங்காயம். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து வண்ணம் பூசி, கூடையில் நிரப்பினால் வெங்காயக் கூடை தயார். ரவை மணி நிஜச் சோற்றுப் பருக்கையின் அளவில் சரியாக விழுகிறது.

வெண்கலப்பானை:

பரண் ஐயா சொன்ன ரவையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொலு முடிந்து பெட்டியில் வைத்தபின் அடுத்த ஆண்டு திறந்தால் வண்டு வந்திருக்கும். ஒரே ஆண்டுக்கு என்றால் ரவை சரி, நிலையாக வைத்திருக்க வேண்டுமானால் சலித்த வெண்மணலையே பயன்படுத்துங்கள். கடுகை முதலில் வாணலியில் எண்ணெயில்லாமல் சூடாக்கி ஆறவிட்டு, வண்ணமும் வார்னிஷும் பூசிவிட்டால் நெடுநாள் இருக்கும்.

இட்லி, தோசை, வாழைக்காய் போன்றவற்றுக்குக் காற்றில் உலரும் களிமண்ணைவிட வீட்டிலேயே காய்ச்சும் பசைமாவு நேர்த்தியாக வரும். ஒரு கோப்பை ஃபெவிகால், ஒரு கோப்பை கார்ன்ஃப்ளவர், இரண்டு மேசைக்கரண்டி குழந்தை எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பழைய நான்ஸ்டிக் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். திரண்டு ஓரத்தை விட்டு வந்ததும் இறக்கி, சூடு தாங்கும் பதத்தில் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி வைக்கலாம். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். உலரும்போது இந்த மாவு சுருங்கும். எனவே 6 மி.மீ. இட்லி வேண்டுமென்றால் சற்றுப் பெரிதாகவே உருட்டுங்கள். வெந்த இட்லியின் மேற்பரப்பில் உள்ள நுண்துளைகளுக்குப் பழைய பல்துலக்கியின் முனையால் மெதுவாகத் தட்டினால் போதும்.

கிணற்றடி வைக்கிறீர்கள் என்பதால் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். 1:12 அளவில் அமைந்த அந்த வீடு இன்று விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதன் குழாய்களில் நிஜமாகவே தண்ணீர் வரும். பொறியியல் சாதனை என்ற அளவில் அது பெரும் வியப்புதான். ஆனால் குழாயைச் சிறிதாக்கலாம், தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. ஒரு துளி 5 மி.மீ. என்றால் அந்த அறைக்குள் அது ஆறு செ.மீ. உருண்டையாக விழும். எனவே குடத்திலும் தொட்டியிலும் நிஜத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே கரும்பச்சை பூசி, நிறமற்ற வார்னிஷை மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததை ஊற்றினால் அசையாத நீர்ப்பரப்பு கிடைக்கும். டபராவில் காபிக்கு அதே வார்னிஷில் துளி பழுப்பு கலந்து, ஓரத்தில் இளநிறத்தில் நுரைப்புள்ளிகள் வைக்கலாம்.

உப்புத்தாள்:

பசைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் பூசினால் காயும்போது அது வளைந்துவிடும். இரு பக்கமும் தாள் ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழே ஓர் இரவு வையுங்கள். உடனே பிடிக்கும் ஃபெவிக்விக் வகைப் பசை பளபளப்பான பரப்புகளுக்கு அருகே வெள்ளைப் படலம் போல் ஆவியைப் படியவிடும். எவர்சில்வர் வேலையில் அது வேண்டாம். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அது பட்டால் சட்டென்று சூடேறும், விரலைச் சுட்டுவிடும். லினன் முறத்துக்கு அருகே அதைக் கொண்டுபோகக் கூடாது. தெர்மகோலில் சுவர் வைப்பதாக இருந்தால் நெயில் பாலிஷோ ஸ்பிரே வண்ணமோ படக் கூடாது, கரைந்து குழி விழும். அக்ரிலிக் வண்ணத்தால் எந்தக் கேடும் இல்லை.

வார்னிஷில் மங்கலானதையே பெரும்பாலும் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறைச் சுவரும் மரக்கதவும் பளபளப்பதில்லை. எவர்சில்வரும் தண்ணீரும் மட்டும் மின்னட்டும், அப்போதுதான் அவை மின்னுவது தெரியும்.

தாழ்வாரம்:

மிக்க நன்றி. இரண்டே ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மேலே ஒரு மஞ்சள் பல்பு எரிய வேண்டும் என்று குழந்தைகள் விரும்புகிறார்கள். கடையில் கிடைக்கும் சிறிய எல்இடி சரங்களைப் பயன்படுத்தலாமா? காலண்டரையும் சுவரில் தொங்கும் துணிகளையும் எப்படிச் செய்வது?

கல்சட்டி:

எல்இடி சரம் நல்லதுதான். வெண்ணிற ஒளியைத் தவிர்த்து மஞ்சள் கலந்த ஒளியை வாங்குங்கள். ஆனால் பொத்தான் வடிவ மின்கலத்தில் இயங்கும் சரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. இரண்டு சாதாரண பென்சில் பேட்டரிகள் போடும் பெட்டி உள்ள சரமாகப் பார்த்து, அந்தப் பெட்டியைச் சுவரின் வெளிப்புறத்தில் திருகாணியிட்டு மூடிவிடுங்கள். ஒரே ஒரு விளக்கு மட்டும் உள்ளே தெரியட்டும், மற்றவற்றைக் கறுப்பு டேப்பால் சுற்றி மறைத்துவிடலாம்.

தினசரி காலண்டரின் அட்டையைப் புகைப்படம் எடுத்து, பன்னிரண்டில் ஒரு பங்காக அச்சடித்துக்கொள்ளுங்கள். எழுத்து படிக்க முடியாமல் பொடியாகத்தான் வரும், வரட்டும். தேதித் தாளின் கற்றைக்கு மெல்லிய தாள்களை மட்டும் அடுக்கி, மேல் விளிம்பில் பசையிட்டு, கீழ்ப்பக்கம் சற்று விரிந்து நிற்கும்படி விடுங்கள். நவராத்திரி நாள்களில் கற்றையின் பெரும்பகுதி கிழிபட்டிருக்க வேண்டும் என்பதால் கற்றை மெல்லியதாகவே இருக்கட்டும்.

துணியைப் பொறுத்தவரை, எவ்வளவு மெல்லிய துணியானாலும் இந்த அளவில் அது தானாகத் தொங்காது. துணியின் எடை குறைந்துவிடுகிறது, ஆனால் விறைப்பு குறைவதில்லை. எனவே பழைய மல் வேட்டியையோ கைக்குட்டையையோ வெட்டி, நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, கொடியில் போட்டு, ஊசிகளால் மடிப்புகளைக் குத்தி நிறுத்திக் காயவைக்க வேண்டும். கரித்துணியும் அப்படியே. புடவைக்குப் பெரிய கட்டம் போட்ட துணி வேண்டாம், சாயலில் ஒரே நிறமாக இருப்பது நல்லது. கரையை வண்ணத்தால் இழுத்துக்கொள்ளலாம்.

கொலு முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் டிஷ்யூ தாளில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அந்தப் பொட்டலங்களையும் குழந்தைகளிடமிருந்து விலக்கியே வைக்க வேண்டும். தெர்மகோல் சுவரோடு அந்துருண்டையைச் சேர்த்து மூடாதீர்கள், அதன் ஆவி தெர்மகோலை இளக்கிவிடும். ஐப்பசி மழையின் ஈரம் அட்டைக்குள் ஏறியிருக்கும் என்பதால், பெட்டியில் அடைக்கும் முன் நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் காயவிட்டு, அதன் பிறகே மூடுங்கள்.

தாழ்வாரம்:

மிகத் தெளிவாகச் சொன்னீர்கள் அம்மா. நாளை காலை டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்குகிறோம். முதலில் மேடையும் அம்மியும், அவை காய்வதற்குள் டம்ளர்கள். கிணற்று ராட்டினத்துக்குப் பழைய தையல் இயந்திரத்தின் பாபின் ஒன்று இருக்கிறது, இரண்டு செ.மீ. விட்டம் வருகிறது, நிஜத்தில் 24 செ.மீ. ராட்டினம் ஆகும், பொருந்தும் என்று நினைக்கிறேன். செய்து முடித்ததும் படங்களை இதே இழையில் பதிவிடுகிறேன்.